தாய்மாமன் வந்து சேராத காதுகுத்து: இரண்டு மணி நாற்பது நிமிட இடைவெளி ஏன் போதவில்லை

2024 ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலில் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம். பகல் 12 மணிக்கு மேல் ஒன்றேகாலுக்குள் முடித்துவிட வேண்டும், ஒன்றரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன், தோஹாவில் வேலை பார்க்கும் என் மச்சான், மூன்றேகால் மணிக்குத்தான் கோயில் வாசலில் வந்து இறங்கினான். என் மனைவி ஒன்று ஐந்து வரைக்கும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள், அதற்கு மேல் முடியாது என்று பெரியவர்கள் சொன்ன பிறகு அவளுடைய பெரியப்பா மகனை உட்கார வைத்துக் காரியத்தை முடித்தோம். சொந்தத் தம்பி உயிரோடு, நல்ல சுகத்தோடு, அதுவும் பெங்களூரு வரைக்கும் வந்துவிட்ட பிறகும் அந்த மடி இல்லாமல் போனது அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த டிக்கெட்டைப் போட்டுக் கொடுத்தது நான். அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய் வருகிறவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள், பலரும் இதே மாதிரி இரண்டு டிக்கெட்டாகப் போட்டு வருகிறார்கள், பாதிப் பேருக்குத் தப்பித்துவிடுகிறது, அதனால் அது சரியான முறை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் இரண்டு வாரம் வீட்டில் எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: "பிளேன் லேட்." அதை நானும் நம்பினேன். அப்புறம் ஒரு நாள் மச்சானும் நானும் உட்கார்ந்து, அவன் போனில் இருந்த அழைப்புப் பட்டியல், எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளின் நேரம், டாக்சி பில் இதையெல்லாம் வைத்து அந்த இரவை நிமிடம் நிமிடமாக எழுதிப் பார்த்தோம். எழுதி முடித்தபோது தெரிந்தது, விமானம் சரியான நேரத்துக்கே வந்திருந்தாலும் அவன் அடுத்த விமானத்தைப் பிடித்திருக்க முடியாது.

போட்ட திட்டம்

புதன் இரவு 9.05-க்கு தோஹாவில் ஏறி, வியாழன் அதிகாலை 3.00-க்கு மும்பையில் இறங்க வேண்டும். கத்தார் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், பறக்கும் நேரம் சுமார் மூன்றரை மணி, அதனால் இது சரியாகத்தான் வருகிறது. மும்பையிலிருந்து 5.40-க்கு வேறொரு நிறுவனத்தின் உள்நாட்டு விமானம், 7.25-க்கு பெங்களூரு. நான் காரோடு பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் நிற்பேன், எட்டு மணிக்குக் கிளம்பினால் பதினொன்றரை, பன்னிரண்டுக்குள் கோயில்.

தோஹாவிலிருந்து பெங்களூருக்கு நேராக வரும் விமானம் அன்றைக்கு 23,000 ரூபாய் காட்டியது. மும்பை வழியாக இரண்டு டிக்கெட்டாகப் போட்டால் 14,200-ம் 4,300-ம், மொத்தம் 18,500. நாலாயிரத்து ஐந்நூறு மிச்சம். சீர் செலவு, பந்தல் செலவு என்று வரிசையாகக் காசு போய்க்கொண்டிருந்த நேரம், இந்தத் தொகை பெரிதாகத் தெரிந்தது. நடுவில் இரண்டு மணி நாற்பது நிமிடம் இருக்கிறதே, போதாதா என்று நினைத்தேன். சென்னையில் ஒரு முறை உள்நாட்டு விமானத்திலிருந்து இன்னொரு உள்நாட்டு விமானத்துக்கு ஒன்றரை மணி நேரத்தில் மாறியிருக்கிறேன், அந்த அனுபவத்தை வைத்து இதை அளந்தேன். அந்த அளவுகோலே இதற்குப் பொருந்தாது.

அந்த இரவு

தோஹாவில் அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பி, வழியில் கொஞ்சம் ஈடுகட்டி, மும்பையில் 3.22-க்குத் தரையிறங்கியது. ஓடுபாதையிலிருந்து நிறுத்துமிடத்துக்கு வந்து சேர 3.34. மச்சான் உட்கார்ந்திருந்தது முப்பத்தோராவது வரிசை, முன்னால் இருப்பவர்கள் எல்லாம் இறங்கி அவன் வெளியே வர 3.46. நீண்ட நடை, இமிக்ரேஷன் வரிசையின் கடைசியில் போய் நின்றபோது 3.55. வளைகுடாவிலிருந்து வரும் விமானங்கள் நிறைய இந்தப் பின்னிரவு நேரத்தில்தான் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன, அன்றைக்கும் அப்படித்தான், இது யாருடைய தவறும் இல்லை. முத்திரை விழுந்தது 4.31-க்கு.

4.42-க்கு எனக்குப் போன் செய்தான். நான் அப்போது ஓசூர் தாண்டும் முன் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். "மாமா, ஒரு பெட்டி வந்துடுச்சு, இன்னொண்ணு இன்னும் வரல." "பதறாத மச்சான், அஞ்சே முக்காலுக்குத்தானே, டைம் இருக்கு" என்றேன். நான் அதைச் சொல்வதற்கு இரண்டு நிமிடம் முன்பே, 4.40-க்கே, அடுத்த விமானத்தின் செக்-இன் கவுண்டரை மூடிவிட்டார்கள். எங்கள் இருவருக்குமே அது தெரியாது.

இரண்டாவது பெட்டி 4.52-க்கு வந்தது. கஸ்டம்ஸில் பச்சை வழியாக 4.58-க்கு வெளியே வந்தான். பன்னாட்டு விமானங்கள் இறங்குவது இரண்டாம் டெர்மினல். அவனுடைய உள்நாட்டு விமானம் புறப்படுவது முதலாம் டெர்மினல். இரண்டும் ஒரே விமான நிலையம்தான், ஓடுபாதைகளும் பொதுதான், ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊருக்குள் சாலையில் நாலைந்து கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டும். நடந்து போகிற சமாச்சாரம் இல்லை. டாக்சி பிடித்து, பெட்டிகளை ஏற்றி, இறக்கி, வாசலில் டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்டி உள்ளே போய்க் கவுண்டரில் நின்றபோது 5.24. விமானம் இன்னும் அங்கேதான் நிற்கிறது, ஆனால் பெட்டி வாங்க மாட்டார்கள், பெட்டியை விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

அடுத்து இடம் கிடைத்தது 9.10 விமானத்தில், 9,600 ரூபாய். பெங்களூரில் 10.55-க்கு இறங்கி, பெட்டி எடுத்து வெளியே வர பதினொன்றரை. ஹெப்பால், சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி என்று பட்டப்பகல் நெரிசலில் ஓசூர் வருவதற்கே மணி ஒன்றே முக்கால் ஆகிவிட்டது. காரில் வரும்போது அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தோஹாவிலேயே வாங்கி வைத்திருந்த குழந்தையின் கம்மல் டப்பா கைப்பையில் இருந்தது.

கணக்கைத் திருப்பிப் போட்டபோது

டிக்கெட்டில் எழுதியிருப்பது 3.00 முதல் 5.40 வரை, 160 நிமிடம். இதில் கடைசி 60 நிமிடம் நம்முடையதே இல்லை. நம் நாட்டு உள்நாட்டு விமானங்களில் செக்-இன் கவுண்டரைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடுகிறார்கள். ஆகவே பெட்டியோடு வருகிறவனுக்கு விமானம் 5.40-க்கு இல்லை, 4.40-க்கு. கையில் மிஞ்சுவது 100 நிமிடம்.

இப்போது தரையிறங்கிய நிமிடத்திலிருந்து அடுத்த கவுண்டர் வரைக்கும் அவனுக்கு எவ்வளவு ஆனது என்று பாருங்கள். 3.22-லிருந்து 5.24, மொத்தம் 122 நிமிடம். எங்கேயும் நின்று டீ கூடக் குடிக்கவில்லை, யாரும் அவனைத் தனியாக நிறுத்தி விசாரிக்கவில்லை, பெட்டி தொலையவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தே 122. விமானம் சொன்னபடி 3.00-க்கே இறங்கியிருந்தாலும் 5.02-க்குத்தான் கவுண்டருக்கு வந்திருப்பான், அது மூடி 22 நிமிடம் ஆகியிருக்கும். அந்தத் தாமதம் அவனைக் கெடுக்கவில்லை, டிக்கெட் போட்ட அன்றைக்கே விமானம் போய்விட்டது. வீட்டில் இதைச் சொன்னபோது என் மாமியார் நம்பவில்லை, பேப்பரில் எழுதிக் காட்டினேன்.

இந்த 122-ல் எது எவ்வளவு தின்றது என்பதும் முக்கியம். இறங்கி வரிசையில் போய் நிற்கும் வரை 33 நிமிடம், இமிக்ரேஷன் 36, பெட்டி 21, கஸ்டம்ஸ் 6, டெர்மினல் மாறியது 26. எல்லோரும் இமிக்ரேஷனைப் பற்றி மட்டும்தான் கவலைப்படுகிறார்கள், விமானம் தரையைத் தொட்டதிலிருந்து வரிசைக்கு வருவதற்கே அதே அளவு நேரம் போகும் என்பதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. நானும் வைக்கவில்லை. முன்வரிசை இருக்கைக்குக் கூடுதலாகக் கொஞ்சம் கொடுப்பது வீண் என்று நினைத்திருந்தேன், இந்த மாதிரிப் பயணத்தில் அது பத்து நிமிடத்தை வாங்கித் தரும், பின்னால் இருக்கும் நூற்றைம்பது பேருக்கு முன்னால் வரிசையில் நிற்க வைக்கும்.

வெறும் கைப்பையோடு வந்திருந்தால்? அதையும் போட்டுப் பார்த்தோம். பெட்டிக்காக நின்ற நேரம் போகும், ஐந்து மணி வாக்கில் முதலாம் டெர்மினலுக்கு வந்திருப்பான், முன்பே இணையத்தில் செக்-இன் செய்திருந்தால் கவுண்டர் வேண்டாம், ஆனால் போர்டிங் கேட் 25 நிமிடம் முன்னால், 5.15-க்கு மூடும், அதற்குள் பாதுகாப்புச் சோதனை. ஓடினால் கிடைத்திருக்கலாம். ஆனால் இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வருகிறவன் கைப்பையோடு வர மாட்டான், அவனிடம் அப்படி எதிர்பார்க்கவும் கூடாது.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. தோஹா டிக்கெட்டில் 30 கிலோ கொண்டு வரலாம், அவன் 29 கிலோ கட்டிக்கொண்டு வந்தான். உள்நாட்டு டிக்கெட்டில் 15 கிலோதான். தனித்தனி டிக்கெட் என்பதால் இரண்டாவது நிறுவனத்துக்கு அவன் வெளிநாட்டிலிருந்து வருகிறான் என்பதே தெரியாது, அவர்களுக்கு அவன் மும்பையில் ஏறும் ஒரு பயணி, அவ்வளவுதான். அதிகமாக இருந்த 14 கிலோவுக்கு 7,000 ரூபாய் கட்டினான். அதாவது முதல் விமானத்தைப் பிடித்திருந்தாலும் நான் மிச்சம் பிடித்த 4,500 கவுண்டரிலேயே போயிருக்கும், மேலே 2,500 கையை விட்டும் போயிருக்கும். இது டிக்கெட் போடும்போதே எழுதியிருந்த விஷயம், நான் படிக்கவில்லை. எடை அதிகமாகும் என்று தெரிந்தால் பயணத்துக்கு முன்பே இணையத்தில் கட்டிவிடுவது, கவுண்டரில் கட்டுவதைவிடப் பெரும்பாலும் மலிவு, அங்கே பணம் கட்ட இன்னொரு வரிசையில் நிற்பதும் மிஞ்சும்.

மொத்தச் செலவு: 18,500, அதோடு 9,600, அதோடு 7,000, டாக்சி 350. தவறவிட்ட டிக்கெட்டில் 812 ரூபாய் திரும்ப வந்தது. இதைப் பலர் கேட்பதே இல்லை. விமானத்தில் ஏறாமல் விட்டாலும், திருப்பித் தராத வகை டிக்கெட்டாகவே இருந்தாலும், அதில் சேர்ந்திருக்கும் அரசு வரியையும் விமான நிலையக் கட்டணங்களையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி. கேட்டால் தருகிறார்கள். கழித்தால் 34,638 ரூபாய். நேர் விமானம் 23,000.

ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா

என்னிடம் கேட்க வருகிறவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்பது எத்தனை மணி நேரம் இடைவெளி என்பதை இல்லை. பி.என்.ஆர்., அதாவது டிக்கெட்டின் பதிவு எண், ஒன்றா, இரண்டா என்றுதான் கேட்கிறேன்.

ஒரே பி.என்.ஆரில் முழுப் பயணமும் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டாலும் உங்களை ஊர் சேர்க்கும் பொறுப்பு நிறுவனத்தினுடையது, அடுத்த விமானத்தில் காசு வாங்காமல் ஏற்றிவிட வேண்டும். பெட்டி எடையும் பெரும்பாலும் பன்னாட்டு அளவே கடைசி வரைக்கும் செல்லும். இரண்டு பி.என்.ஆர். என்றால் முதல் நிறுவனம் உங்களை மும்பையில் இறக்கியதோடு அதன் வேலை முடிந்தது, இரண்டாவது நிறுவனம் உங்களை வராத பயணி என்று எழுதிவிடும். சண்டை போட்டுப் பயனில்லை, விதி அப்படித்தான்.

ஆனால் ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் சிலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. தோஹாவில் ஒட்டும் சீட்டில் பெங்களூரு வரைக்கும் எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுப் பெட்டி தானாகப் போய்விடும் என்று நேராக உள்நாட்டுப் பக்கம் போய்விடுவார்கள். இந்தியாவில் நீங்கள் முதலில் கால் வைக்கும் ஊரில்தான் இமிக்ரேஷன், பொதுவாக அங்கேயே பெட்டியையும் எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மாறும் பயணிகளுக்கான கவுண்டரில் மறுபடி கொடுக்க வேண்டும். சில பயணங்களில் விதிவிலக்கு இருக்கலாம், அதனால் ஏறும் ஊரிலேயே, பெட்டி கொடுக்கும்போதே, "இதை நான் எங்கே எடுக்கணும்?" என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, டிக்கெட் விற்கும் தளங்கள் காட்டும் ஒன்றரை மணி நேர, ஒன்றேமுக்கால் மணி நேர இணைப்புகள். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் இணைப்புக்கு இவ்வளவு நேரமாவது வேண்டும் என்று ஒரு குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறார்கள், அதற்குக் குறைவாக ஒரே டிக்கெட்டில் விற்க மாட்டார்கள். அது எல்லாம் சரியாக நடந்தால் போதுமான அளவு. கல்யாணம், காதுகுத்து, சாவு என்று நேரம் பார்த்து வருகிறவர்கள் நம்ப வேண்டிய அளவு அது இல்லை.

எத்தனை மணி நேரம் வேண்டும் என்று கேட்டால் என் கணக்கு இது. ஒரே பி.என்.ஆர்., ஒரே டெர்மினல் என்றால் மூன்று மணி நேரம். தனித்தனி டிக்கெட், ஒரே டெர்மினல், பெட்டி உண்டு என்றால் ஐந்து. தனித்தனி டிக்கெட்டோடு டெர்மினலும் மாறினால் ஆறுக்குக் குறைந்து நான் போட்டுக் கொடுப்பதில்லை. மார்கழி, தை மாதத்தில் டெல்லி வழி என்றால் இந்த எதுவும் செல்லாது, அங்கே மூடுபனியில் விமானங்கள் மணிக்கணக்கில் நிற்கும், வேறு ஊருக்குத் திருப்பியும் விடுவார்கள், ஒரே டிக்கெட்டாக இருந்தால் மட்டும் வாருங்கள். இணைப்பு விமானம் அன்றைய கடைசி விமானமாக இருந்தால் எவ்வளவு இடைவெளி இருந்தாலும் எனக்குப் பயம்தான், அதைத் தவறவிட்டால் இரவு முழுக்க அங்கேதான்.

எந்த டெர்மினல் என்பதைப் பயணத்துக்கு முதல் நாள் மறுபடி பாருங்கள். மும்பையில் உள்நாட்டு விமானங்கள் இரண்டாம் டெர்மினலிலிருந்தும் போகின்றன, நான் அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்த 26 நிமிடத்தில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். டெல்லியில் பன்னாட்டு விமானங்கள் மூன்றாம் டெர்மினல், முதலாம் டெர்மினல் அங்கிருந்து சாலையில் தூரம். பெங்களூரில் 2023 செப்டம்பரிலிருந்து பன்னாட்டு விமானங்கள் இரண்டாம் டெர்மினலுக்குப் போய்விட்டன, உள்நாட்டு விமானங்கள் இரண்டு டெர்மினலிலும் பிரிந்து கிடக்கின்றன, நடுவில் பஸ் ஓடுகிறது. சென்னையில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில், பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தே போய்விடலாம், இந்த ஒரு விஷயத்தில் சென்னை நமக்கு வசதி.

இமிக்ரேஷன் வரிசைக்கு இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. விரைவு இமிக்ரேஷன் திட்டம் என்று 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் மும்பை, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி உள்ளிட்ட ஊர்களுக்கும் கொண்டு வந்தார்கள். இணையத்தில் விண்ணப்பித்து, ஒப்புதல் வந்ததும் ஒரு முறை கைரேகையும் முகமும் பதிந்துவிட்டால், தானியங்கி வாயில் வழியாகப் போகலாம். மச்சான் பதிந்துவிட்டான். அந்த 36 நிமிடத்தை இது வெகுவாகக் குறைக்கும். பெட்டி வருவதை இது வேகப்படுத்தாது, அதையும் மறந்துவிட வேண்டாம். முகத்தைக் காட்டி விமான நிலையத்துக்குள் போகும் டிஜி யாத்ரா என்பது வேறு, அது உள்நாட்டுப் பயணத்துக்கு, இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு வந்தவரை நானே பார்த்திருக்கிறேன்.

தேதியில் நடக்கும் பிழை

பாலக்கோடு பக்கத்துப் பையன் ஒருவன் துபாயிலிருந்து வருவதற்குத் தானே டிக்கெட் போட்டுவிட்டு என்னிடம் சரி பார்க்க அனுப்பினான். துபாயில் 12-ஆம் தேதி மாலை 7.40-க்கு ஏறுகிறான், ஹைதராபாத்தில் இரவு 12.40-க்கு இறங்குகிறான். அங்கிருந்து பெங்களூருக்கு 12-ஆம் தேதி காலை 6 மணி விமானம் போட்டிருந்தான். அவன் இறங்கும்போது தேதி 13 ஆகிவிடும், அந்த விமானம் அவன் துபாயில் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே போயிருக்கும். மூன்று நாள் முன்னால் பார்த்ததால் தேதியை மாற்ற முடிந்தது. நள்ளிரவு தாண்டி இறங்கும் விமானம் என்றாலே காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள், வீட்டில் இன்னொருவரை ஒரு முறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

போகும்போது இதைவிடக் கவனம் வேண்டும். வரும்போது தவறினால் நம் நாட்டில், நம் போனில், நம் காசில் எப்படியாவது ஊர் வந்து சேர்ந்துவிடலாம். உள்நாட்டு விமானத்தில் போய்ப் பன்னாட்டு விமானம் மாறுகிறவர்கள் தவறவிட்டால் பெரிய டிக்கெட் போய்விடும், அதோடு ஒரே டிக்கெட்டில் வாங்கிய திரும்பும் பயணமும் ரத்தாகிவிடும், வேலைக்குச் சேர வேண்டிய தேதியும் தள்ளும். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் நாளே போய்ப் படுத்துவிடுங்கள், ஓட்டல் அறைக்கு ஆகும் காசைப் பார்க்காதீர்கள். வெளிநாட்டு ஊரில் இப்படித் தனித்தனி டிக்கெட்டில் மாறுவதாக இருந்தால் பெட்டி எடுக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும், பல நாடுகளில் அதற்கு விசா வேண்டும், விசா இல்லாதவரை முதல் ஊரிலேயே ஏற்றாமல் நிறுத்திவிடுவார்கள்.

நம் மாவட்டங்களுக்கு அந்த உள்நாட்டு விமானம் தேவைதானா

இதை நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். கிருஷ்ணகிரிக்காரருக்கும் தர்மபுரிக்காரருக்கும் மதுரைக்காரர் மாதிரி நிலைமை இல்லை. பெங்களூரு விமான நிலையம் காவேரிப்பட்டணத்திலிருந்து சுமார் 140 கிலோமீட்டர், நடுவில் தேசிய நெடுஞ்சாலை. துபாய், தோஹா, அபுதாபி, சிங்கப்பூர், கோலாலம்பூர், லண்டன் என்று அங்கே நேராக வரும் விமானங்கள் இருக்கும்போது மும்பையில் இறங்கி ஏறுவது டிக்கெட் விலைக்காக மட்டும்தான். அந்த விலை வித்தியாசத்தில் பெட்டி எடையையும், தவறினால் ஆகும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் நேர் விமானம் பெரும்பாலும் மலிவாகவே முடியும்.

சேலத்திலும் 2023 அக்டோபரில் விமானம் மறுபடி வந்துவிட்டது, தர்மபுரியிலிருந்து அந்த விமான நிலையம் இருக்கும் காமலாபுரம் ஒரு மணி நேரத்துக்குள்தான், அதனால் சென்னையில் இறங்கிச் சேலம் விமானம் பிடிக்கலாமா என்று கேட்கிறார்கள். பகலில் சாவகாசமாக வருகிறவர்களுக்கு நல்லது. ஆனால் அங்கே ஒரு நாளைக்கு விமானங்கள் மிகக் குறைவு, ஒன்று தவறினால் அல்லது ரத்தானால் அடுத்தது சில மணி நேரத்தில் வராது. நள்ளிரவில் சென்னையில் இறங்கினால், விடியும் வரை காத்திருந்து சேலம் விமானத்தில் ஏறுவதற்குள் காரிலோ பஸ்ஸிலோ கிருஷ்ணகிரி வந்து, குளித்து, ஒரு தூக்கமும் போட்டுவிடலாம். ரயில் தர்மபுரிக்காரர்களுக்கு இருக்கிறது, கிருஷ்ணகிரிக்கு இன்னும் ரயில் நிலையமே இல்லை, அந்த வருத்தம் தனி.

பெங்களூரிலிருந்து வரும் சாலையையும் பயணத்தின் ஒரு பகுதியாக எண்ண வேண்டும். பின்னிரவு மூன்று மணிக்கு வெளியே வந்தால் மூன்று மணி நேரத்துக்குள் வீடு. அதே தூரத்துக்குக் காலை எட்டு மணிக்கோ மாலை ஆறு மணிக்கோ நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நகருக்குள் போகாமல் ஹொஸ்கோட்டே, மாலூர் வழியாக ஓசூர் வந்து சேரும் வழி நெரிசல் நேரத்தில் எங்களுக்கு உதவியிருக்கிறது. கார் அனுப்ப முடியாதவர்கள் வாயு வஜ்ரா பஸ்ஸில் எலக்ட்ரானிக் சிட்டி வரை வந்து, அங்கிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி பஸ் பிடிக்கலாம், பெட்டி கனமாக இருந்தால் சிரமம்.

தைப் பொங்கலுக்கு மச்சான் வந்தபோது தோஹாவிலிருந்து நேராகப் பெங்களூரு, விசேஷத்துக்கு மூன்று நாள் முன்பே. 2.20-க்கு இறங்கினான், 3.15-க்கு இரண்டு பெட்டியோடு வெளியே வந்தான், சூளகிரி தாண்டும்போது ஐந்து மணிகூட ஆகவில்லை. தேவனஹள்ளிப் பக்கம் பனி இறங்கியிருந்தது, இன்னும் இரண்டு மணி நேரம் தள்ளி வந்திருந்தால் மாட்டியிருப்போம். வருகிற வைகாசியில் எங்கள் சின்னவனுக்குக் காது குத்துகிறோம். அதற்கும் அவனுக்கு நேர் விமானம்தான், திங்கள் இரவு ஏறுகிறான், விசேஷம் வெள்ளிக்கிழமை. டிக்கெட்டை இந்த முறை என் மனைவி வாங்கிப் படித்தாள், தேதியை இரண்டு தடவை கேட்டாள்.